ஏரிக்குப் போட்ட போர்வை

எங்கள் மாநிலத்தில் அரசவை ஆலோசகர்கள் நிறைய இருக்கிறார்கள். அரசவைதான் இல்லை. பேரரசர் மூட்டை கட்டிக்கொண்டு போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அவரோடு போயிருக்க வேண்டிய பட்டம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. அரசு நாற்காலியில் தலை நரைக்கிறவரை யாரோடும் மல்லுக்கு நிற்காமல் உட்கார்ந்திருந்தால் அது தானாக வந்து சேரும். வந்த மறுநாளே ரொட்டிக்கடைக்காரி அவருடைய பெண்டாட்டியையும் 'ஆலோசகரம்மா' என்று கூப்பிட்டு, பெரிய ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

ஸிர்பன் ஏரியின் குளியல்துறைக் காவலர் ரோமெட்டுக்கு அப்படிப் பட்டம் எதுவும் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு மரத்துறை, உடை மாற்றும் அறைகள், வாடகைப் படகுகள், படகுக் கொட்டகைக்கு மேலே ஒரு வீடு. வீடும் சொந்தமில்லை, வேலையோடு வந்தது. ரோமெட்டும் அவர் மனைவி புர்கியும் கல்யாணமான நாளிலிருந்து அதில்தான் குடியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் நடுவில் வருகிற மாதா திருநாளுக்குள் துறை திறக்கப்படாவிட்டால் வேலையும் போய்விடும், வீடும் போய்விடும். மலைமேல் அவ்வளவு உயரத்தில் இருக்கிற ஏரியிலும் ஜூன் மாதத்தில் ஐஸ் உருகிவிடும் என்பதால், அந்த நிபந்தனையைப் பற்றி இருவரும் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. குளிக்க வருகிறவர்கள் பூசிக்கொள்ளும் வெயில் தடுப்புக் கிரீம் தண்ணீரில் படலமாக மிதக்கிறது என்று குளியல்நீர்ப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்தது. மலை ஏரிகளில் கிரீம் கூடாது என்று உடனே உத்தரவு போட்டது. அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் உத்தரவு என்றால் அதை நிறைவேற்றும் முறை என்று ஒன்று வேண்டுமே. வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவர் தோளிலும் கறுப்புத் துணியால் துடைத்து, துணியில் வெள்ளை படிகிறதா என்று பார்க்கும் பொறுப்பு ரோமெட்டுக்கு வந்தது.

"யோவ், என் பொண்டாட்டி கூட என்னை இப்படித் தடவினதில்லய்யா," என்றார் ஒரு ஜெர்மன்காரர்.

"எனக்கும் ஆசையில்லைங்க. திரும்புங்க, முதுகு இருக்கு," என்றார் ரோமெட்.

ஜெர்மன்காரர்கள் வெள்ளையாக உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வந்தார்கள். சிலர் முதுகுத்தோலைக் கையில் உரித்துக்கொண்டே புகார் எழுதினார்கள். புகார்கள் வந்த வேகத்தைப் பார்த்து, உத்தரவு நன்றாக வேலை செய்கிறது என்று ஆணையம் தெரிந்துகொண்டது.

இந்த வருஷம் ஐஸ் உருகிய கையோடு ஆணையத்தின் வண்டி மேலே வந்தது. இரண்டு பேர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரை மெல்லிய வலையில் வடித்து, வலையில் மிஞ்சியதைப் புட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் துறைக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஏரியில் வெயில் தடுப்புப் பொருள் எக்கச்சக்கமாக இருக்கிறதாம். துறை மூடப்படுகிறதாம்.

ரோமெட் பதறிப்போய் ஆணையத்துக்குப் போன் போட்டார்.

"ஐயா, இந்த வருஷம் இன்னும் ஒருத்தர்கூட தண்ணியில எறங்கலையே! போன வாரம் வரைக்கும் ஐஸ் மெதந்துச்சு."

"அப்ப போன வருஷத்து ஆளுங்க," என்றது மறுமுனை.

"போன வருஷத்து கிரீம் எப்படிங்க இந்த வருஷம்..."

"ஐஸ்ல வெச்சா எதுவும் கெடாதுங்க. உங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லையா?"

மறுநாள் ஓர் ஆள் வந்து வீட்டைச் சோதனை போட்டு, புர்கியின் கைக்குத் தடவும் களிம்பை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். "குளிர்ல வெடிச்ச கை இது. இதப் பாத்தா வெயிலுக்குப் பூசுன மாதிரியா இருக்கு?" என்று புர்கி இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கைகளை உறையில் போட முடியாததால் அவர் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

ஜூலையும் வந்துவிட்டது. ரோமெட் தூக்கமில்லாமல் துறைப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், பல்கலைக்கழகத்திலிருந்து அஃப்ரா வந்தாள். ஏரியில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். வருஷா வருஷம் ரோமெட்டின் படகில்தான் வலை வீசுவாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நுண்ணோக்கியைத் துறை மேசையில் வைத்து, ஒரு துளி தண்ணீரை அதில் ஏற்றி, ரோமெட்டைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே செருப்பு வடிவத்தில் பச்சைப் பொடிசுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒவ்வொண்ணும் ஒரே செல்லுதான் ரோமெட். வயித்துக்குள்ள பச்சைப் பச்சையா உருண்டை தெரியுதா? அது பாசி. உள்ள குடியிருக்குது. வெயில்ல சாப்பாடு தயார் பண்ணி வீட்டுக்காரருக்கும் குடுக்கும். அது மட்டுமில்ல, வெயில் சுட்டுடாம இருக்க ஒரு மருந்தும் பண்ணிக் குடுக்கும். அந்த மருந்துதான் இவங்க புட்டியில மாட்டியிருக்கு."

"அப்ப கிரீம் பூசிட்டு எறங்கினது இதுங்கதானா?"

"இதுங்க எங்க எறங்கிச்சு? நமக்கெல்லாம் முன்னாடியே இங்கதான் இருக்கு. இந்த உசரத்துல வெயில் போடுற போடுக்கு, அந்த மருந்து இல்லன்னா வெந்து போயிடும்."

ரோமெட் எழுந்து புர்கியைக் கட்டிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. "நாம தப்பிச்சோம்டி! மனுஷன் யாரும் பூசல. எல்லாம் தானா இருக்குறது!" அஃப்ரா தன் கருத்தை எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரோமெட் நகரத்துக்கு இறங்கிப் போனார்.

மலை ஏரிகள் பிரிவின் தலைவர் அரசவை ஆலோசகர் டாக்டர் ஒட்மர் கோஃப்லர் அதை இரண்டு முறை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"அருமை ரோமெட், அருமை! இத்தனை நாளா யாரு பண்ணினதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருந்தோம். இப்ப ஆள் சிக்கிடுச்சு."

"ஆள் இல்லைங்க ஐயா. பொடிசு."

"உருவத்தப் பார்த்து நடவடிக்கை எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல," என்றார் கோஃப்லர்.

ஆக, நேரடி விசாரணை ஏரிக்கரையிலேயே நடந்தது. எங்கள் பக்கத்தில் நேரடி விசாரணை என்றால் புகைபோட்ட பன்றித்தொடை, கறுப்பு ரொட்டி, முள்ளங்கி, பிளம் சாராயம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசாரணை செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் இல்லாமல் யாரும் நடத்திப் பார்த்ததும் இல்லை. புர்கி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டி வைத்தாள். கோஃப்லர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவரோடு வந்திருந்த சுருக்கெழுத்துக்கார அம்மாள் பேனாவைத் திறந்தாள்.

"ஜெர்மன்காரருக்கு ஒரு நீதி, நுண்ணுயிருக்கு ஒரு நீதி என்று இந்த ஆணையம் நடந்துகொள்ளாது," என்று தொடங்கினார் அவர். "வெயில் தடுப்புப் பொருளோடு ஏரியில் யாரும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. யாரும் என்றால் யாரும். இயற்கையாகச் செய்தார்கள் என்கிறார்கள். இயற்கையாகச் செய்வதையெல்லாம் அனுமதித்தால் அரசாங்கம் எதற்கு? சிலர் என்னை அந்தக் கருவியில் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நான் பதவிக்கு வந்த நாளிலிருந்து எதையும் பார்த்து முடிவெடுத்ததில்லை. பார்த்தால் பரிதாபம் வரும். பரிதாபம் வந்தால் பாரபட்சம் வரும்."

அடுத்து, குற்றம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. மருந்தைத் தயாரிப்பது குடியிருக்கிற பாசி. அதைப் பயன்படுத்துவது வீட்டுக்காரர். பன்றித்தொடை தீரும்வரை இதை ஆராய்ந்து, இருவரும் கூட்டாளிகள் என்று முடிவானது. பிறகு எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக, சுருக்கெழுத்துக்கார அம்மாள் துறை நுனியில் நின்று ஒலிபெருக்கியில் ஏரியைப் பார்த்து அழைத்தாள். பதில் இல்லை. மறுபடியும் அழைத்தாள். ஒரு வாத்து மட்டும் எழுந்து பறந்தது. அது சம்பந்தப்பட்ட தரப்பு இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

எங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது. காணாமல் போனவர், இருக்குமிடம் தெரியாதவர், அழைத்தும் வராதவர் ஆகியோருக்காகப் பேச 'வராதவரின் காப்பாளர்' என்று ஒருவரை நியமிப்பார்கள். வழக்கமாக வக்கீல்தான் வருவார். அன்றைக்குக் கூப்பிட்ட வக்கீல் தனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

"ரோமெட்டைப் போட்டுடலாம்," என்றார் கோஃப்லர்.

"நானா? ஐயா, துறையத் திறக்கணும்னு கேக்குறவனே நான்தானே. அவங்களுக்காகவும் நானே எப்படிங்க பேசுறது?"

"அதுதானே வசதி? ரெண்டு பக்கமும் ஒரே ஆளா இருந்தா சச்சரவே வராது. சரி, உங்க தரப்புல என்ன சொல்றீங்க?"

ரோமெட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார். "வெயில் ஜாஸ்திங்க ஐயா. அதனாலதான் அவங்க அப்படி... வேற கெட்ட எண்ணம் எதுவும் இல்லைங்க. வெயிலுக்குப் பயந்துதான்."

கோஃப்லரின் கண்கள் விரிந்தன. "பாத்தீங்களா! காப்பாளரே காரணத்தச் சொல்லிட்டார். வெயில்தான் காரணம்னா, வெயில நிறுத்திட்டாப் போச்சு!"

பக்கத்துப் பள்ளத்தாக்கில் கோடைக்காலத்தில் பனியாறு உருகாமல் இருக்க, பனிச்சறுக்குக்காரர்கள் அதன்மேல் வெள்ளைக் கம்பளித் துணி விரித்து மூடி வைப்பார்கள். அதில் மிச்சமான சுருள்கள் அவர்கள் கொட்டகையில் கிடந்தன. அவற்றைத் தைத்து ஏரி முழுக்கப் போர்த்திவிட்டால் வெயில் படாது. வெயில் படாவிட்டால் மருந்து தேவைப்படாது. மருந்து இல்லாவிட்டால் தண்ணீர் சுத்தம். துறையைத் திருநாளுக்குள் திறந்துவிடலாம். கோஃப்லர் இதைச் சொல்லி முடித்ததும் அவரோடு வந்தவர்கள் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

"ஐயா, இருட்டுல பாசி செத்துடும்," என்று அஃப்ரா கத்தினாள். "பசி தாங்காம அந்தப் பிராணி வயித்துல குடியிருக்கிற பாசியையே செரிச்சுடும். ஏரியே வெறும் தண்ணியாப் போயிடும்!"

"வீட்டுக்காரருக்கும் குடியிருக்கிறவருக்கும் நடுவுல என்ன நடந்தாலும் அது அவங்க குடும்ப விவகாரம்மா. நாங்க தலையிட மாட்டோம்."

தடுக்க ஒரே வழிதான் இருந்தது. காப்பாளர் ஆட்சேபம் சொன்னால் போர்வை நிற்கும். ஆனால் ஆட்சேபம் தலைநகருக்குப் போய், அங்கே ஊறி, திரும்பி வரப் பனிக்காலம் ஆகிவிடும். அதற்குள் திருநாள் போய்விடும், வீடும் போய்விடும். ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்கள். அஃப்ரா ரோமெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, புர்கியைப் பார்த்தார்.

"என்னய்யா பாக்குற? போடு," என்றாள் புர்கி. "கண்ணுக்கே தெரியாததுக்காக இருக்குற வீட்ட விட்டுட்டு, இந்த வயசுல எங்கய்யா போறது?"

ரோமெட் கையெழுத்துப் போட்டார். தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களை முதல் நாளே விற்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த நாளின் மிச்சம் முழுக்க அவர் ஏரிப்பக்கம் திரும்பவில்லை.

போர்வை போட்டார்கள். பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, ஆட்கள் கரைக்குக் கரை இழுத்து விரித்தார்கள். கீழ் ஊரிலிருந்து மாடு தேடி வந்த ஒருவர் வெள்ளைத் துணியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு, "யாரு போயிட்டாங்க?" என்று விசாரித்தார். முதல் வாரம் மீன்கள் துணியின் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அடுத்த வாரம் வரவில்லை. மீன்வலை நாற்றம் மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது, பிறகு அதுவும் அடங்கியது. ஆணையத்தின் ஆட்கள் வந்து துணியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் மொண்டு போனார்கள். வெயில் தடுப்புப் பொருள் துளியும் இல்லை என்று முடிவு வந்தது. ரோமெட் உடை மாற்றும் அறைகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். புர்கி படகுகளைக் கழுவினாள்.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் கோஃப்லர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் மலர்க்கொத்து வேறு.

"ரோமெட், வாழ்த்துக்கள்! இவ்வளவு சுத்தமான தண்ணி இந்த மாநிலத்துலயே கெடையாதாம். குடிநீர்ப் பிரிவுக்காரங்க அசந்து போயிட்டாங்க. இன்னிலேர்ந்து இது குளியல் ஏரி இல்ல, குடிநீர்ச் சேமிப்பு!"

ரோமெட்டுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அப்ப குளிக்கிறது?"

"குடிக்கிற தண்ணியில யாராவது குளிப்பாங்களா?"

"ஐயா, குளிக்கத்தானே சுத்தம் பண்ணீங்க!"

"ஆமா. இப்பக் குளிச்சா அழுக்காயிடுமே," என்றார் கோஃப்லர், நிஜமாகவே அவருக்காக வருத்தப்பட்டு. "குளியல்துறை இல்லன்னா துறைக்காவலர் தேவையில்ல. வீட்டை மட்டும் மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க. அவசரமில்ல."

மலர்க்கொத்து ரோமெட்டின் கையில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. புர்கி படி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாராவது ஏதாவது சொல்ல முடியாதாங்க? யாருக்கும் வாயே இல்லையா?" என்று கேட்டாள்.

கோஃப்லர் யோசித்தார். நேர்மையான மனிதர், கேட்டால் வழி சொல்லாமல் இருக்க மாட்டார். "சொல்லலாம்மா. ஏரியில ஏற்கனவே குடியிருக்கிறவங்க இந்தப் புது உத்தரவுக்கு ஆட்சேபம் சொல்லலாம். சொன்னா எல்லாம் நிக்கும். போர்வைக்குச் சொல்றது மாதிரி இல்ல, உத்தரவுக்கே சொன்னா துறைக்குக் குடுத்த கெடுவும் சேர்ந்து நிக்கும். காப்பாளர் ரோமெட்தானே? ஆனா அவங்க உயிரோட இருக்கணும். இன்னிக்கு அலுவலகம் மூடுறதுக்குள்ள ஒருத்தர ஆஜர்படுத்துங்க. நாளைக்குத் திருநாள், லீவு."

அஃப்ராவுக்குப் போன் போனது. அவள் நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை விரட்டி வந்து சேர்ந்தாள். ரோமெட்டும் புர்கியும் படகில் குப்புறப் படுத்து, துணிக்கு அடியில் கையால் தள்ளித் தள்ளிப் போனார்கள். உள்ளே பால் போன்ற மங்கல் வெளிச்சம். ஈரத்துணி முதுகை உரசியது. ஊறுகாய்ப் புட்டி, ஜாம் புட்டி, கையில் கிடைத்ததிலெல்லாம் மொண்டு நிரப்பினார்கள். ஓரத்தில், ஆழத்தில், பாறை இடுக்கில் என்று ஓரிடம் விடாமல் மொண்டார்கள். கரைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அஃப்ரா பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டுவாள். மறுபடி உள்ளே போவார்கள்.

"ஒருத்தராவது வாங்கய்யா," என்று ரோமெட் தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினார். "நான் பண்ணது தப்புதான். வீட்டுக்காகப் பண்ணிட்டேன். நீங்களும் வீட்டோட இருக்குறவங்கதானே, உங்களுக்குத் தெரியாதா? ஒரே ஒருத்தர் வாங்க."

"பேசாம மொண்டு குடுய்யா," என்றாள் புர்கி, அழுதுகொண்டே.

மாலை சாயும் நேரத்தில் அஃப்ரா, "இருக்கு!" என்று கூவினாள். ஓடிப் போய்ப் பார்த்தார்கள். ஒற்றை உயிர். கண்ணாடி மாதிரி வெறுமையாக, மெதுவாகத் துழாவிக்கொண்டிருந்தது. உள்ளே பச்சை எதுவுமில்லை.

"அதேதான். குடியிருந்தவங்கதான் இல்ல," என்றாள் அஃப்ரா.

துறை மேசையில் சுருக்கெழுத்துக்கார அம்மாளோடு கோஃப்லர் காத்திருந்தார். தரப்பை அடையாளம் காண வேண்டும் என்பதால் இந்த முறை அவர் குனிந்து பார்த்தே ஆக வேண்டியதாயிற்று. ஒரு கண்ணை மூடினார். பிறகு மறு கண்ணை மூடினார்.

"இது வெள்ளையா இருக்கே. பதிவுல பச்சைன்னு இருக்கு."

"இருட்டுல போட்டு நீங்கதான் வெளுக்க வெச்சீங்க!" என்றாள் அஃப்ரா.

"இருக்கலாம்மா. ஆனா உறுதிப்படுத்திக்கணும். கருவி விளக்கோட வெளிச்சத்தக் கூட்டுங்க."

"சூடு தாங்காது ஐயா. துளி காஞ்சிடும்."

"இருட்டுல விசாரணை நடத்தினாங்கன்னு நாளைக்கு யாரும் எங்களச் சொல்லக் கூடாது. கூட்டுங்க," என்று சொல்லி அவரே குமிழைத் திருகினார். கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். அலுவலக வேலையை அவர் அவ்வளவு ஈடுபாட்டோடு செய்ததை அந்த அம்மாள் அதற்குமுன் பார்த்ததில்லை. "நீந்துறார்... சுத்துறார்... இப்ப நின்னுட்டார். என்னமோ யோசிக்கிறார் போல."

அஃப்ரா அவரைத் தள்ளிவிட்டு விளக்கை அணைத்தாள். கண்ணாடியில் துளி இல்லை. துளி இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை மட்டும் இருந்தது.

கோஃப்லர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல அம்மாள் எழுதினாள்: "எதிர்த்தரப்பு ஆஜரானது. போதிய வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஆட்சேபம் எதுவும் தெரிவிக்காமல் தானாகவே புறப்பட்டுச் சென்றது."

ரோமெட் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணு எழுதுங்கம்மா. அவங்க எல்லாரையும் நான்தான் கொன்னேன். அன்னிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொன்னேன். இந்த ஐயா சொன்னாருன்னு கொன்னேன். அத எழுதுங்க."

அம்மாளின் பேனா நின்றது. அவள் கோஃப்லரைப் பார்த்தாள். கோஃப்லர் ரோமெட்டின் தோளில் கை வைத்தார்.

"இத யார் சார்பில சொல்றீங்க ரோமெட்? காப்பாளராவா? உங்க தரப்பு இப்பத்தான் போயிட்டாங்க, அதோட காப்பும் முடிஞ்சுது. துறைக்காவலராவா? அது காலையிலேயே முடிஞ்சுது."

"அப்ப நான் யாருங்க?"

கோஃப்லர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சட்டப்படி அதற்கு என்ன பதில் என்று மனதார யோசித்தார். தெரிந்ததும் முகம் தெளிந்தது.

"பொதுஜனம்," என்றார். "பொதுஜனம் எப்ப வேணாலும் பேசலாம். திருநாள் முடிஞ்சு வாங்க."